தேம்ஸ் ஆற்றில் நண்பரின் படகில் ஒரு பகல்: மெய்டன்ஹெட்டிலிருந்து ஹென்லி வரை போய்த் திரும்ப முடியுமா?

பொன்னிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாக லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லௌ நகரில் வசிக்கிறேன். என்னோடு பணிபுரியும் ஆங்கிலேய நண்பர் ஒருவர் ஏழரை மீட்டர் நீளமுள்ள சிறிய மோட்டார் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். முன்பக்கம் குனிந்து நுழைகிற அளவில் ஓர் அறை, அதற்குள் ஓர் எரிவாயு அடுப்பும் சின்னக் கழிப்பறையும் உண்டு; பின்பக்கம் துணிக்கூரை போட்ட திறந்த தளத்தில் ஆறு பேர் தாராளமாக அமரலாம். மெய்டன்ஹெட் ரயில் பாலத்துக்குச் சற்றுக் கீழே, பிரே லாக்குக்கு (படகை ஆற்றின் ஒரு நீர்மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு மாற்றும் கதவுத் தொட்டி) மேற்புறம், தேம்ஸ் கரையில் அதைக் கட்டி வைத்திருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் வரும் வங்கி விடுமுறைக்கு (இங்கே பொது விடுமுறையை அப்படித்தான் சொல்கிறார்கள்) முந்தைய சனிக்கிழமை எங்கள் குடும்பத்தை ஒருநாள் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஊரிலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது. திருவையாற்றுப் பக்கம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்க்கால் மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்கியதே அவர் வேலை. லண்டனில் எதைக் காட்டினாலும் 'நன்றாக இருக்கிறது' என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறவர், போன வாரம் வின்ட்சர் பாலத்தில் நின்று அரைமணி நேரம் ஆற்றையே பார்த்துவிட்டு, 'இந்தக் கோடையிலும் தண்ணீர் கரை தொட்டு நிற்கிறதே, எங்கேயோ கதவு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்' என்றார். அம்மாவுக்கு 69 வயது, முழங்கால் வலி உண்டு. இவர்களோடு நானும் என் மனைவியும். நால்வரில் நீந்தத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான், அவரும் நீந்தி இருபது ஆண்டுகள் ஆகின்றன.

ஹென்லி வரை போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது என் ஆசை. அது ஒரே நாளில் நடக்கக்கூடியதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். வழியில் உள்ள லாக்குகளில் படகில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும், வயதானவர்களை ஏற்றி இறக்குவது எப்படி, உணவுக்கும் கழிப்பறைக்கும் என்ன ஏற்பாடு என்றும் அறிய விரும்புகிறேன். இன்னொன்றைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது: நண்பருக்கு நாங்கள் பணமாக ஏதாவது கொடுக்கலாமா?

துடுப்பு:

நண்பர் பொன்னிக்கரைக்கு, ஹென்லியை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். நான் பதினோரு ஆண்டுகளாக ரெடிங்குக்கு அருகில் ஒரு பழைய படகில் பங்கு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு பயணத்தையும் நான் தூரத்தைப் பார்த்துத்தான் திட்டமிட்டேன், ஒவ்வொரு முறையும் இருட்டில்தான் திரும்பினேன்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் நண்பரின் படகுத்துறையிலிருந்து ஹென்லி பாலம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். காரில் அரைமணி நேரமும் ஆகாது. ஆனால் தேம்ஸின் இந்தப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது சுறுசுறுப்பாக நடப்பவரின் வேகம். எதிரோட்டத்தில், கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனால், சராசரியாக 7 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. அதிலேயே மூன்றரை மணி நேரம் போய்விடும். வழியில் போல்டர்ஸ், குக்கம், மார்லோ, டெம்பிள், ஹர்லி, ஹாம்பிள்டன் என்று ஆறு லாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காத்திருந்து, உள்ளே நுழைந்து, நீர் ஏறி, கதவு திறந்து வெளியே வர இருபது நிமிடம் என்று குறைவாகவே வைத்தாலும் இரண்டு மணி நேரம். ஆக, போக மட்டும் ஐந்தரை மணி நேரம். திரும்பும்போது நீரோட்டம் உங்களைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும் என்றாலும், லாக்குகள் அதே ஆறுதான். மேலும் நீங்கள் தேர்ந்திருப்பது வங்கி விடுமுறைச் சனிக்கிழமை. அன்று போல்டர்ஸ் லாக்கில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாலும் நான் வியப்படைய மாட்டேன். முடிந்தால் அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மார்லோ வரை போங்கள். மூன்று லாக்குகள், ஏறக்குறைய 12 கிலோமீட்டர், அவசரமில்லாமல் மூன்று மணி நேரம். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு மார்லோ, மாலை ஆறுக்குள் துறை. ஆற்றின் மிக அழகான பகுதியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

புறப்பட்டவுடனேயே பொறியாளர் புரூனெலின் ரயில் பாலத்துக்கு அடியில் போவீர்கள். 1838-இல் கட்டி முடித்த இரண்டு செங்கல் வளைவுகள். ஒவ்வொன்றும் 39 மீட்டர் அகலம், ஆனால் உயரம் ஏழு மீட்டரை ஒட்டித்தான். இத்தனை தட்டையான செங்கல் வளைவு நிற்காது என்று அன்று பலர் அடித்துச் சொன்னார்கள். இன்று அதன்மேல் லண்டனின் எலிசபெத் லைன் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைவுக்கு அடியில் கைதட்டச் சொல்லுங்கள், எதிரொலி கிளம்பும். போல்டர்ஸ் லாக்கைத் தாண்டியதும் வலப்பக்கம் செங்குத்தான கரையில் ஆற்றின்மேல் கவிந்து நிற்கும் காடு தொடங்கும். அதுதான் கிளைவ்டன். அங்கே இயந்திரத்தைக் கூடியமட்டும் மெதுவாக ஓடவிட்டு யாரும் பேசாமல் இருந்தால் போதும். என்னைக் கேட்டால், இந்த ஆற்றுக்கு வருவதே அந்த மூன்று கிலோமீட்டருக்காகத்தான்.

லாக் என்பதை அப்பாவுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்காது என்று நினைக்கிறேன். இரு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. பக்கத்திலேயே ஆற்றின் மற்றொரு கிளையில் தடுப்பணை. கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே வரும், கதவை மூடி, மேல்பக்க மதகைத் திறந்து நீரை உள்ளே விடுவார்கள், நீர் மேல்மட்டத்துக்கு வந்ததும் மேல்கதவு திறக்கும். போல்டர்ஸில் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயர்வீர்கள். படகில் இருப்பவர்களுக்கு உள்ள வேலை கயிறு மட்டும்தான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கரையில் உள்ள குட்டைத் தூணைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, மறுமுனையைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இறங்கும்போது விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் முடிச்சுப் போடக் கூடாது. இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல்கதவை ஒட்டி நிற்கக் கூடாது. அந்தக் கதவுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கான்கிரீட் படி இருக்கிறது, நீர் வடியும்போது சுக்கான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் தொங்கிப் படகு கவிழும். அந்தப் படி எதுவரை நீள்கிறது என்பதற்குச் சுவரில் அடையாளம் போட்டிருப்பார்கள்.

படகு சுவரில் மோதப் போகிறது என்று தோன்றினால் யாரும் கையையோ காலையோ நடுவில் கொடுக்கக் கூடாது. மோதட்டும், அதற்குத்தான் பக்கவாட்டில் ரப்பர் உருளைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஹாரோவாசி:

முழங்கால் வலி உள்ள அம்மாவையும் 74 வயது அப்பாவையும் ஏழரை மீட்டர் படகில் ஏற்றுவது தேவைதானா என்று யோசியுங்கள். வின்ட்சரிலும் மெய்டன்ஹெட்டிலும் பயணிகள் படகுகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற ஓட்டுநர், கைப்பிடியுள்ள படிகள், சிற்றுண்டி எல்லாம் இருக்கும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ சுற்றிவிட்டு இறங்கிவிடலாம். நண்பரின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆற்றின் நடுவில் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

பருத்தித்துறையாள்:

ஹாரோவாசி கேட்டிருப்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பாதையில் அதற்கு ஒரு நல்ல விடை உண்டு. மெய்டன்ஹெட்டிலிருந்து குக்கம், போர்ன் எண்ட் வழியாக மார்லோவுக்கு ஒரு சிறிய கிளை ரயில் பாதை ஓடுகிறது. ஊர்க்காரர்கள் அதை 'மார்லோ டாங்கி' என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆற்றிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ரயில் நிலையங்கள் இருப்பதால், களைத்துப் போனவர்களை குக்கத்திலோ மார்லோவிலோ இறக்கி ரயிலில் அனுப்பிவிடலாம். ரயில் அடிக்கடி வராது, ஆகையால் நேர அட்டவணையை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் இரண்டு முறை அப்படித்தான் வீடு திரும்பினார். மூன்றாவது முறை, தானும் கடைசி வரை படகிலேயே வருவதாகப் பிடிவாதம் பிடித்தார்.

தம்பி, லாக்கில் கயிற்றைக் கட்டக் கூடாது என்று துடுப்பு எழுதியிருப்பதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் கடற்கரையில் பிறந்தவள், அப்பாவின் வள்ளத்தில் அணியத்துக்கும் (முன்பக்கம்) அமரத்துக்கும் (பின்பக்கம்) ஓடி விளையாடி வளர்ந்தவள். அந்தத் துணிச்சல்தான் எனக்கு வினையானது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் வாடகைப் படகில் போயிருந்தோம். கீழே இறங்குகிற லாக்கில் முன்கயிற்றை என்னிடம் தந்தார்கள். நான் வழக்கப்படி தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, படகின் கொக்கியில் அழகாக ஒரு முடிச்சும் போட்டுவிட்டு, தேநீர் ஊற்றத் திரும்பினேன். கடலில் கட்டிய வள்ளம் அலையோடு ஏறும், அலையோடு இறங்கும். தண்ணீர் காலுக்குக் கீழே நழுவிக்கொண்டே போய் திரும்பி வராமல் இருப்பதை என் உடம்பு அறிந்திருக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குவளை மேசையில் தானாக நகர்ந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிறு இரும்புக் கம்பி போல விறைத்து, அதிலிருந்து நீர்த்துளிகள் பீறிட்டன. முடிச்சு இறுகிவிட்டதால் என் விரலால் அவிழ்க்க முடியவில்லை. லாக் காவலர் எங்களைப் பார்த்த அந்தக் கணமே மதகை மூடி, மறுபடியும் நீரை ஏற்றிய பிறகுதான் கயிறு தளர்ந்தது. அவர் ஒரு கடிந்த சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிய வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் படகில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கும்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். படகு கட்டியிருக்கும் மிதவைத் துறையில் ஏறுவது எளிது, அது தண்ணீரோடு சேர்ந்தே மிதப்பதால் பெரிய உயர வித்தியாசம் இருக்காது. சிரமம் எல்லாம் மார்லோவில் புற்கரையில் இறங்கும்போதுதான். ஒரு சிறிய மடக்குப் படியைக் கொண்டு போங்கள். முதலில் ஒருவர் கரையில் நிற்க வேண்டும், ஒருவர் படகில் நிற்க வேண்டும், முன் கயிறு பின் கயிறு இரண்டும் கட்டி முடித்த பிறகே அம்மா எழுந்திருக்க வேண்டும். கட்டும் முன்பே கரைக்குத் தாவுவது இளையவர்கள் செய்கிற மடத்தனம். லாக்குகளில் அம்மாவை இறக்கவே வேண்டாம்.

கழிப்பறை அந்த அளவுப் படகில் ஒரு பெட்டிக்குள் உட்கார்வது போல இருக்கும். வயதானவர்களுக்கு அது உகந்ததல்ல. மார்லோவில் பாலத்தை ஒட்டிய ஹிக்கின்சன் பூங்காவில் பொதுக் கழிப்பறை உண்டு. சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். புளிச்சாதம், தயிர்ச்சாதம், தெர்மாசில் தேநீர் போதும். அடுப்பு இருக்கிறதே என்று ஓடுகிற படகில் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம். அன்னங்கள் படகை ஒட்டி வரும். கழுத்தை நீட்டித் தட்டிலேயே வாய் வைக்கும். ஒரு முறை என் மகள் கையிலிருந்த அப்பளம் போன வேகத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

பழைய மாலுமி:

கப்பலில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் சட்டத்தையும் பாதுகாப்பையும் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பணம். தனிப்பட்ட உல்லாசப் படகாக இருக்கும்வரைதான் உங்கள் நண்பருக்கு இந்தச் சுலபம் எல்லாம். அந்தப் பயணத்தின் நேரடிச் செலவில், அதாவது எரிபொருள், கரையில் கட்டும் கட்டணம் போன்றவற்றில், நீங்கள் பங்கு கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று அவர் வாங்கினால் அது வணிகப் பயணமாகிவிடும். அப்போது படகுக்கும் ஓட்டுபவருக்கும் வேறு விதிகள், காப்பீடும் செல்லாமல் போகலாம். ஆகவே எரிபொருள் நிரப்பும் இடத்தில் நீங்கள் முந்திக்கொண்டு அட்டையைத் தட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்வழியில் சொந்தப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை என்பது நம்மவர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் படகுக்குப் பதிவும் காப்பீடும் கட்டாயம். கடலேற்றம் வந்து முடிகிற டெடிங்டனுக்கு மேலே உள்ள தேம்ஸை நிர்வகிப்பது என்வைரன்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு, பதிவு அவர்களிடம்தான். அதோடு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை படகின் எரிபொருள், எரிவாயு, மின்சார அமைப்புகளைச் சோதித்துத் தரும் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். நண்பரிடம் இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. தன் படகை நேசிப்பவர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்.

அந்தச் சான்றிதழின் விதிகளின்படி 2019 ஏப்ரல் முதல் அறையுள்ள தனியார் படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழை பெய்தால் எல்லோரும் செய்கிற முதல் காரியம் துணிக்கூரையின் எல்லாப் பக்கங்களையும் இழுத்து மூடுவது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து வரும் புகை அந்தக் கூடாரத்துக்குள் சுழன்று தேங்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வந்தால் வயதானவர்கள் பயணக் களைப்பு என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். பக்கங்களை எப்போதும் திறந்தே வையுங்கள், நனைந்தால் நனையட்டும். பெட்ரோல் படகாக இருந்தால், எரிபொருள் நிரப்பும்போது எல்லோரும் கரையில் இறங்கி நிற்க வேண்டும், நிரப்பி முடித்து ஆவி முழுதும் வெளியேறிய பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

உயிர்காப்பு அங்கியை நால்வரும் புறப்படுமுன் துறையிலேயே அணிந்து, அளவு சரிபார்த்து, கால்களுக்கு இடையில் வரும் பட்டையையும் மாட்ட வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்தவுடன் அங்கி மேலே நழுவும். சேலையோடு அதை அணிவது கடினம், அம்மாவைச் சுடிதாரில் வரச் சொல்லுங்கள். அப்பா நீந்தத் தெரியும் என்று சொல்லி மறுப்பார். காவிரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், விட்டுக்கொடுக்காதீர்கள். தடுப்பணைக்கு மேற்புறம் ஆற்றில் விழுந்தவருக்கு நீச்சல் துணை நிற்காது.

லாக் என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நம் பக்கிங்காம் கால்வாயிலும் லாக்குகள் இருந்தன, சரக்குப் படகுகள் அவற்றின் வழியாகத்தான் சென்னைக்கு வந்து போயின. 1876–78 பஞ்சத்தின்போது அந்தக் கால்வாயில் நிவாரண வேலை நடந்தது, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. நீங்கள் போகிற கிளைவ்டன் கரையும் மார்லோவும் பக்கிங்காம்ஷர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கிளைவ்டனில் முதல் மாளிகையைக் கட்டியவரும் ஒரு பக்கிங்காம் கோமகன்தான், ஆனால் அவர் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேறொருவர். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொன்னிக்கரை:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நண்பரிடம் பேசிப் பயணத்தைச் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன், மார்லோவோடு திரும்புவது என்றும் முடிவாகிவிட்டது. சான்றிதழ் பற்றிக் கேட்டதும் அவர் ஆவணக் கோப்பு ஒன்றையே எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. லாக்குகளில் மஞ்சள், சிவப்புப் பலகைகள் வைப்பார்கள் என்று படித்தேன். அவற்றைப் பார்த்தால் திரும்பிவிட வேண்டுமா? எதிரே வரும் படகுகளுக்கு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதையும் சொன்னால், நான் நண்பருக்கு உதவியாக முன்னால் பார்த்துக்கொண்டு வருவேன்.

துடுப்பு:

சிவப்புப் பலகை இருந்தால் நீரோட்டம் வலுத்திருக்கிறது என்று பொருள். படகை அவிழ்க்கவே கூடாது. மஞ்சளில் இரண்டு உண்டு. ஓட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒன்று, வடிந்துகொண்டிருக்கிறது என்று மற்றொன்று. உங்களைப் போலப் பெரியவர்களோடு போகிறவர்கள் மஞ்சளையும் சிவப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோடை முடிவில் பெரும்பாலும் எந்தப் பலகையும் இருக்காது. இணையத்திலும் அன்றைய நிலையை லாக் வாரியாகப் பார்க்கலாம்.

ஆற்றில் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும், சாலைக்கு நேர்மாறு. ஆற்றோட்டத்துக்கு எதிராகப் போகும்போது சிவப்பு மிதவை உங்களுக்கு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம் இருக்க வேண்டும், திரும்பும்போது மாறிவிடும். முன்னால் பார்ப்பவர் இரண்டு பேரைத்தான் தேட வேண்டும். ஒருவர் துடுப்புப் போட்டிக்குப் பயிற்சி செய்பவர். அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உங்களை நோக்கி வருவார், உங்களைப் பார்க்க மாட்டார். மற்றவர் போர்ன் எண்டில் பாய்மரப் படகு விடுபவர். காற்றுக்கு எதிரே போக அவர் கரைக்குக் கரை குறுக்கும் நெடுக்குமாக வருவார். அவருடைய அடுத்த திருப்பத்தை ஊகித்து முன்னால் நுழையாதீர்கள். வேகத்தைக் குறைத்து, அவர் கடந்த பிறகு அவருக்குப் பின்பக்கமாகப் போங்கள். கரையில் கட்டும்போது படகின் முகம் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும். படகுக்கு பிரேக் கிடையாது, ஆறுதான் பிரேக்.

பொன்னிக்கரை:

நேற்றுப் போய் வந்தோம். கடன்பட்டவனைப் போல இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

புறப்படும்போதே அப்பா அங்கி அணிய மறுத்தார், பழைய மாலுமி சொன்னது போலவே. 'கொள்ளிடத்தில் இக்கரையிலிருந்து அக்கரை நீந்தியவன்' என்று தொடங்கினார். நண்பர் ஒன்றும் பேசாமல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துறையில் உட்கார்ந்துவிட்டார். மொழி தேவைப்படாத அந்தப் பேச்சு ஐந்து நிமிடம் நடந்தது, பிறகு அப்பா கையை நீட்டினார்.

போல்டர்ஸில் இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நின்றோம். எனக்கு முன்கயிறு, மனைவிக்குப் பின்கயிறு. முடிச்சுப் போடவில்லை என்பதைப் பருத்தித்துறை அக்காவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். நீர் உள்ளே பொங்கி வரும்போது படகு முன்னும் பின்னும் இழுத்த வலு நான் எதிர்பார்க்காதது. உள்ளங்கையில் கயிறு பதிந்த சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது. ஈரச் சுவரில் பாசி மெல்ல மெல்லக் கீழே போக, கரையின் புல்லும், வேடிக்கை பார்க்க நின்றவர்களின் செருப்புகளும், பிறகு முழங்கால்களும் கண்ணுக்கு வந்தன. அம்மாவுக்குப் பிடித்தது அதுதான். 'கிணற்றிலிருந்து நம்மை இறைத்து மேலே கொட்டுகிறார்கள்' என்றார்.

கிளைவ்டன் காட்டுக்குக் கீழே யாரும் பேசவில்லை. நான் சொல்லிப் பேசாமல் இருந்தார்களா, தானாகவே இருந்தார்களா என்று தெரியவில்லை.

குக்கம் லாக்கை அடைந்தபோது மதியம் ஒன்று ஆகியிருந்தது. காவலர் உணவுக்குப் போயிருந்தார், 'நீங்களே இயக்கிக்கொள்ளுங்கள்' என்ற பலகை இருந்தது. நண்பர் கரையில் இறங்கி அங்கிருந்த பொத்தான் பெட்டிக்குப் போனார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கிவிட்டார். நண்பர் எந்தப் பொத்தான் எதற்கு என்று ஆங்கிலத்தில் விளக்க, அப்பா தமிழில் 'தெரியும், தெரியும்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மதகை ஒரே மூச்சில் முழுதும் திறக்காமல், பாதி திறந்து, உள்ளே நீர் அடங்கிய பிறகு மீதியைத் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்ததை நான் படித்துச் சொல்லுமுன்பே, அவர் முதல் பாதியில் விரலை எடுத்துவிட்டு நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காலத்தில் பெரிய ஷட்டருக்கு நாலு பேர் சேர்ந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டுமாம். இங்கே ஒரு விரலால் நடப்பதில் அவருக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உணவு முடித்துக் காவலர் திரும்பி வந்தபோது அப்பா அவரைக் கைகூப்பி வணங்கி, என்னிடம், 'இவரும் லஸ்கர்தானே, சொல்' என்றார். சொன்னேன். அந்தச் சொல்லைக் காவலர் இரண்டு முறை கேட்டு உச்சரித்துப் பார்த்தார்.

மார்லோவில் தொங்கு பாலத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுச் சாப்பிட்டோம். 1832-இல் அதைக் கட்டிய வில்லியம் டியர்னி கிளார்க்தான் புடாபெஸ்டின் சங்கிலிப் பாலத்தையும் வடிவமைத்தார் என்று நண்பர் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் அதைவிட அதிகமாகப் பேசுவது, மூன்று டன்னுக்கு மேல் ஏறக் கூடாத அந்தப் பாலத்தில் 2016-இல் 37 டன் லாரி ஒன்று ஏறியதைத்தான். பாலத்தை இரண்டு மாதம் மூடி வைத்துச் சோதித்தார்களாம். மடக்குப் படி மிக உதவியது. ஆனாலும் அம்மாவும் மனைவியும் மார்லோவிலிருந்து ரயிலில் திரும்பிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே மெய்டன்ஹெட்டை அடைந்து பாலத்தருகே உட்கார்ந்திருந்தார்கள். எரிபொருளுக்கு நான் அட்டையைத் தட்டினேன். மிஞ்சிய புளியோதரையை டப்பாவோடு நண்பரிடம் கொடுத்துவிட்டோம்.

இப்போது அப்பாவுக்கு ஒரு புதுக் கேள்வி. கதவு போட்டு நிறுத்திய தண்ணீர் எந்த இடத்தில் கடைசிக் கதவைத் தாண்டிக் கடலேற்றத்தோடு கலக்கிறது, அங்கே ஒருநாள் நிற்க வேண்டும் என்கிறார். டெடிங்டன் என்று சொல்லிவிட்டேன். படகில்லாமல் போய்ப் பார்க்க வழி உண்டா?

துடுப்பு:

தாராளமாக. டெடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேர நடை. ஆற்றைக் கடக்க நடைபாலம் இருக்கிறது, அதன்மேல் நின்றால் ஒரு பக்கம் தடுப்பணை, அக்கரை ஓரமாக லாக்குகள். கடலேற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் போங்கள். அந்த இடத்தில் ஆற்றின் நீரோட்டத்தை 1883 முதல் அளந்து பதிவு செய்து வருகிறார்கள் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.